"சென்டம்" என்று கூப்பிட்டதற்கா அடித்தான்?

கேள்வி:

திருப்பூரில் துணி தைக்கும் பவர் டேபிள் யூனிட் நடத்துகிறோம். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த ஒரே மகன். பத்தாம் வகுப்பில் 481 மார்க், கணக்கில் சென்டம். இப்போது பிளஸ் ஒன். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 90க்கு 37தான் வந்தது. மறுநாள் டியூஷனில் கூடப் படிக்கும் பையன், "என்னடா சென்டம், இப்படி ஆயிப்போச்சு?" என்று கேட்டிருக்கிறான். இவன் ஸ்டீல் வாட்டர் பாட்டிலால் அவன் முகத்தில் அடித்துவிட்டான். புருவத்தில் மூன்று தையல். டியூஷனுக்கு இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள். வீட்டில் அவங்க அப்பா, "உன்னைப் பத்தி எவ்வளவு பெருமையாச் சொல்லிட்டிருந்தேன்" என்றதும் டிவியை உடைத்தான். தடுக்கப் போன என்னைத் தள்ளியதில் வளையல் உடைந்து கையைக் கிழித்துவிட்டது. பாத்ரூமில் வழுக்கிவிட்டதாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

என் கணவரின் அண்ணன், "பையனுக்குத் தாழ்வு மனப்பான்மை வந்துருச்சு, நல்லாப் புகழ்ந்து பேசுங்க" என்கிறார். "நீதான் புத்திசாலி, அந்த வாத்தியாருக்குத் திருத்தத் தெரியல" என்று சொல்லிப் பார்க்கிறோம். இன்னும்தான் எரிந்து விழுகிறான். அவன் அப்பாருக்கும் (தாத்தாவுக்கும்) இதே கோபம் உண்டு. இது ரத்தத்தில் வந்த குணமா? கோபம் வெளியே போகட்டும் என்று கிக் பாக்ஸிங்கில் சேர்த்துவிடலாமா? பத்தாவது ரிசல்ட்டின்போது யூனிட் வாசலில் வைத்த ஃப்ளெக்ஸைக் கழற்றச் சொல்லி இரண்டு தடவை கேட்டான். அவங்க அப்பா சிரித்துக்கொண்டே "இருக்கட்டும்டா" என்றுவிட்டார். நான் என்ன செய்வது?

— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் போகிற போக்கில் ஒரு ஃப்ளெக்ஸைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த இரண்டு வரிதான். பையன் கழற்றச் சொன்னது காலாண்டுத் தேர்வுக்கு முன்பா பின்பா என்று நீங்கள் சொல்லவில்லை. முன்பாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பிளஸ் ஒன் கணக்கு பிடிபடவில்லை என்பது அவனுக்கு ஜூலையிலேயே தெரிந்திருக்கும். மார்க் வந்தபோதுதான் உங்களுக்குத் தெரிந்தது. நடுவே இருந்த மாதங்களில் அவன் தினமும் காலையில், கோட் போட்ட தன் முகத்தையும் பக்கத்தில் பெரிதாக 481 என்ற எண்ணையும் பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போயிருக்கிறான்.

அதைப் பேசுவதற்கு முன் ஒன்று. இந்த விஷயத்தில் முதலில் அடிபட்டது இன்னொரு வீட்டுப் பையன். தையல் கண்ணுக்கு ஒரு விரல் மேலே விழுந்திருக்கிறது. அவர்கள் வீட்டுக்குப் போனீர்களா, மருத்துவச் செலவு யார் கொடுத்தது என்று கடிதத்தில் எதுவும் இல்லை. குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை, அந்த வீட்டுக்குப் போவது உங்கள் மகனுக்கான வைத்தியத்திலும் ஒரு பகுதி. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கணவரின் அண்ணன் சொன்ன 'தாழ்வு மனப்பான்மை'யை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் யார் கை ஓங்கினாலும் உடனே சொல்லப்படும் காரணம் இது. அவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாகாண அரசு 1986-ல் சுயமதிப்பை வளர்ப்பதற்கென்றே ஒரு குழு அமைத்தது. மக்கள் தங்களைப் பற்றி நல்லபடியாக நினைக்க ஆரம்பித்தால் குற்றமும் போதையும் குறையும் என்பது கணக்கு. பிள்ளைகளை ஓயாமல் பாராட்ட வேண்டும் என்ற வழக்கம் அங்கிருந்து உலகமெங்கும் பரவியது. நம் பெற்றோர்–ஆசிரியர் கூட்டங்கள் வரை வந்தது.

பிறகு அங்கேயே சிலர் இது உண்மைதானா என்று சோதித்துப் பார்த்தார்கள். ராய் பாமைஸ்டர், பிராட் புஷ்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998-ல் வெளியிட்ட சோதனை இது. கல்லூரி மாணவர்களை ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். திருத்தி வந்த தாளில் பாதிப் பேருக்கு, "நான் படித்ததிலேயே படுமோசமான கட்டுரைகளில் ஒன்று" என்று எழுதியிருந்தது. மற்றவர்களுக்குப் பாராட்டு. அதன் பிறகு ஒரு விளையாட்டு. யார் சீக்கிரம் பட்டனை அழுத்துகிறாரோ அவர், தோற்றவருடைய காதில் இரைச்சலைப் பாய்ச்சலாம். எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்பது ஜெயித்தவர் விருப்பம். எதிராளி யார் என்றால், கட்டுரையைத் திருத்தியவர்தான் என்று சொல்லிவைத்தார்கள்.

தன்னைத் தாழ்வாக நினைப்பவர்கள்தான் இரைச்சலைக் கூட்டி வைத்திருக்க வேண்டும், அல்லவா? அப்படி நடக்கவில்லை. சுயமதிப்பு கூடக் குறைய இருந்தது இரைச்சலின் அளவில் எந்த வித்தியாசத்தையும் காட்டவில்லை. அதிகமாகச் சத்தம் வைத்தவர்கள், 'நான் மற்றவர்களைவிட ஒரு படி மேல்' என்ற எண்ணம் உள்ளவர்கள், அதுவும் அவமானப்படுத்தப்பட்டவர்கள். வேறு யாரோ ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தால் அவர்கள் அந்த அளவுக்குக் காட்டவில்லை. கீறியவன் மேல்தான் பாய்ச்சல்.

இதோடு விவகாரம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2005-ல் வேறொரு குழு, நியூசிலாந்தின் டுனீடின் நகரில் பல வருடங்களாகப் பின்தொடரப்பட்ட பிள்ளைகளின் விவரங்களையும் வைத்துக்கொண்டு, சுயமதிப்பு குறைந்தவர்களிடமும் முரட்டுத்தனம் கூடுதல்தான் என்று காட்டியது. இரு தரப்பும் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களிலும் இரண்டு வகையும் உண்டு. ஆனால் உங்கள் மகன் எந்த வகை என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. தாழ்வு மனப்பான்மை உள்ள பையனை "நீதான் புத்திசாலி" என்று சொன்னால் கூச்சப்படுவான், நம்ப மாட்டான், சும்மா இருப்பான். இவன் எரிந்து விழுகிறான். அந்த வார்த்தை இவனுக்கு ஆறுதலாக இல்லை, பாக்கி கேட்டு வருகிறவர் குரல் மாதிரி இருக்கிறது.

'நான் பரவாயில்லை' என்று நினைப்பதும் 'நான் மற்றவர்களைவிட மேல்' என்று நினைப்பதும் ஒன்றின் சிறிய அளவும் பெரிய அளவும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்படி இல்லை, இரண்டும் வேறு வேறு. முதலாவதற்குச் சாட்சி தேவையில்லை. இரண்டாவதற்கு ஊரே தினமும் சாட்சி சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஆள் சாட்சி சொல்ல மறுத்தாலும் ஆடிப்போய்விடும். "அவன் என்னை மதிக்கல" என்ற வாக்கியத்தை என் அறையில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. பஸ்ஸில் உரசியவன் மதிக்கவில்லை, மருமகன் மதிக்கவில்லை, ஆர்டி ஆபீஸ் கிளார்க் மதிக்கவில்லை. "மதிக்கலன்னா என்ன ஆகும்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. கொஞ்ச நேரம் மேஜையையே பார்ப்பார்கள்.

உங்கள் மகனுடைய பெயரே 'சென்டம்' ஆகிவிட்டது. பத்தாவது முடிந்ததிலிருந்து நண்பர்கள் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள், அவனும் சந்தோஷமாகத் திரும்பியிருப்பான். 37 வாங்கிய மறுநாள் அதே பெயரில் கூப்பிட்டால் அது வசவு. அந்தப் பையன் கெட்ட எண்ணத்தில் கேட்டானா, நிஜமாகவே அக்கறையில் கேட்டானா? தெரியாது. இந்த மனநிலையில் இருப்பவனுக்கு அந்த வித்தியாசம் தெரிவதும் இல்லை. முரட்டுப் பையன்களை 1980 வாக்கிலேயே ஆராய்ந்த கென்னத் டாட்ஜ் என்பவர் கவனித்தது இதைத்தான்: வேண்டுமென்றே செய்ததா, தற்செயலா என்று தெளிவில்லாத இடங்களில், இவர்கள் வேண்டுமென்றே செய்தது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். வெட்கம் வந்த அடுத்த நொடி அது கோபமாக மாறிவிடுகிறது. கோபம் வெட்கத்தைவிடச் சௌகரியமானது. வெட்கத்தில் தலை குனிய வேண்டும், கோபத்தில் எதிராளியைக் குனிய வைக்கலாம்.

நெதர்லாந்தில் பத்திலிருந்து பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஒரு சோதனை 2008-ல் வெளிவந்தது. 'உன் எதிராளி இந்த விளையாட்டில் ரொம்ப மட்டம்' என்று முதலில் சொல்லிவிட்டு, அவனிடமே தோற்றதாகக் காட்டினார்கள். தன்னைப் பற்றிய நினைப்பு உயரத்தில் இருந்த பிள்ளைகள்தான், அந்த வெட்கத்துக்குப் பிறகு காது கிழியும் சத்தத்தை எதிராளிக்குப் பாய்ச்சினார்கள். வெட்கப்பட வைக்காதபோது அதே பிள்ளைகள் மற்றவர்களைவிட முரடாக இல்லை.

பிள்ளைகள் மட்டும்தானா என்றால், இல்லை. போன வருடம் ஒரு கல்லூரியில் பேசப் போனேன். ஸ்லைடில் ஒரு வருடத்தைத் தப்பாகப் போட்டிருந்தேன். இரண்டாம் வருட மாணவி ஒருத்தி எழுந்து திருத்தினாள். "நல்லது, கூகுள் பார்க்கத் தெரிந்திருக்கிறது" என்று ஒரு வார்த்தை விட்டேன். அரங்கம் சிரித்தது, அவள் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று மணி நேரமும் மனதுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். தலைப்பு என்ன தெரியுமா? 'கோபத்தைக் கையாள்வது'.

இனி நீங்கள் வளர்த்த விதம். ஒன்பது வருடம் காத்திருந்து பிறந்த பிள்ளையை ராஜா மாதிரி வளர்த்தது தப்பா என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். 2015-ல் வெளியான இன்னொரு நெதர்லாந்து ஆய்வு இதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. ஏழு முதல் பதினொரு வயதுக்குட்பட்ட 565 பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாக நான்கு முறை விசாரித்தார்கள். 'என் பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிட விசேஷமானவன்' என்று நினைக்கும் பெற்றோரின் பிள்ளைகளிடம் நாளடைவில் 'நான் மேல்' என்ற எண்ணம் வளர்ந்தது, சுயமதிப்பு வளரவில்லை. சுயமதிப்பு வளர்ந்தது வேறு இடத்தில்: பெற்றோர் தன்னிடம் பாசமாக இருக்கிறார்கள் என்று உணர்ந்த பிள்ளைகளிடம். நீங்கள் இரண்டையும் கலந்து கொடுத்திருக்கிறீர்கள், நம் வீடுகளில் எல்லோரும் செய்வது போலவே. பாசத்தைக் குறைக்க வேண்டியதில்லை. 'மற்றவர்களைவிட' என்ற சொல்லை மட்டும் வீட்டுப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் மார்க், மச்சினர் மகனின் நீட் ஸ்கோர் எல்லாம் சேர்த்துத்தான். "அந்த வாத்தியாருக்குத் திருத்தத் தெரியல" என்பதும் வேண்டாம். 37 என்பது நிஜம் என்று அவனுக்குத் தெரியும். பொய் சொல்லித்தான் தன்னை ஏற்றுக்கொள்ள முடிகிறது என்றால், உண்மையில் தான் ஏற்க முடியாதவன் என்றுதானே அவன் புரிந்துகொள்வான்?

ரத்தத்தில் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். முன்கோபம் பரம்பரையில் கொஞ்சம் வரத்தான் செய்கிறது, இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் அதைக் காட்டுகின்றன. ஆனால் வருவது எளிதில் சூடாகும் உடம்பு மட்டுமே. சூடானால் பாட்டிலை எடுக்கலாம் என்பது ரத்தத்தில் வருவதில்லை. "அப்பாரு மாதிரியே கோபக்காரன்" என்று அவன் காதுபட, அதுவும் கொஞ்சம் பெருமையோடு, யாராவது சொல்கிறார்களா என்று மட்டும் கவனியுங்கள். பதினாறு வயதுப் பையனுக்கு ஆளுமைக் கோளாறு, நார்சிஸிஸ்ட் (தன்னையே பெரிதாக நினைப்பவன்) என்றெல்லாம் யாராவது முத்திரை குத்தினால் காதில் வாங்காதீர்கள். அந்த வயதில் எல்லோருக்கும் உலகம் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும்.

கிக் பாக்ஸிங் வேண்டாம், இப்போதைக்கு. விளையாட்டாக அவனே ஆசைப்பட்டால் ஆறு மாதம் கழித்துச் சேர்க்கலாம். கோபத்தைக் கொட்டித் தீர்க்கும் இடமாக வேண்டாம். அதே புஷ்மன் 2002-ல் இதையும் சோதித்தார். கோபமூட்டியவனை நினைத்துக்கொண்டு பஞ்சிங் பேகைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். 2024-ல் 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், உடம்பின் வேகத்தைத் தணிக்கிற மூச்சுப் பயிற்சி, தியானம், தசைகளைத் தளர்த்துவது போன்றவைதான் உதவின. உடம்பைச் சூடாக்குகிறவை உதவவில்லை. கோபத்தைப் பிரஷர் குக்கர் மாதிரி நினைக்கிறோம், விசில் விட்டால் தணியும் என்று. அது பழக்கம் மாதிரி. எத்தனை தடவை செய்கிறோமோ அத்தனைக்கு எளிதாக வரும்.

என்ன செய்வது என்பதற்கு வருகிறேன்.

இந்த வாரமே ஃப்ளெக்ஸ் இறங்க வேண்டும். உங்கள் கணவர் தன் கையால் கழற்றட்டும். பையன் உதவிக்கு வந்தால் வரட்டும், கூப்பிட வேண்டாம். அதை ஒரு தண்டனை மாதிரியோ சடங்கு மாதிரியோ ஆக்காதீர்கள். "நீ ரெண்டு தடவ சொன்ன, நான் காதுல வாங்கல. தப்பு என்னோடதுதான்" என்று ஒரு வாக்கியம் போதும். உங்கள் வீட்டில் ஒரு பெரியவர் தப்பை ஒத்துக்கொண்டும் உயரம் குறையாமல் நிற்பதை அவன் இதுவரை பார்த்திருக்கிறானா என்பது எனக்குச் சந்தேகம்.

அடுத்து, அடிபட்ட பையனின் வீடு. முதலில் நீங்கள் இருவரும் போங்கள். மருத்துவச் செலவைக் கொடுங்கள், அவர்கள் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். மகனை அழைத்து வரலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். சம்மதித்தால் ஒரு நாள் கழித்து அழைத்துப் போங்கள். காலில் விழச் சொல்லாதீர்கள். எல்லோர் முன்னாலும் விழ வைத்தால் இன்னொரு அவமானம் சேரும், அது எங்கே வெடிக்கும் என்று தெரியாது. "நான் பாட்டிலால அடிச்சேன். நீ கேட்டது எனக்கு வெட்கமா இருந்துச்சு. அதுக்காக அடிச்சது தப்பு" என்று அவன் வாயால் வர வேண்டும். 'வெட்கம்' என்ற அந்த நடு வாக்கியம்தான் கஷ்டம். இரண்டு நாள் ஆனாலும் காத்திருங்கள். "அவன்தான் முதல்ல ஆரம்பிச்சான்" என்று சொன்னால் விவாதம் பண்ணாமல், "சரி, உனக்கு என்ன ஆச்சு அப்ப?" என்று மட்டும் கேளுங்கள்.

அவனைத் திருத்த வேண்டியதைத் தனியாகச் சொல்லுங்கள். சித்தப்பா, பெரியப்பா, யூனிட் ஆட்கள் முன்னால் வேண்டாம். சூடு ஏறும்போது மொட்டை மாடிக்குப் போய்விடலாம், யாரும் பின்னாலேயே வந்து "எங்கடா போற, பேசிட்டிருக்கேன்ல" என்று மறிக்க மாட்டோம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கழித்து அவனே இறங்கி வந்து பேச்சைத் தொடர வேண்டும், அது அவன் பக்கத்து நிபந்தனை. வேறு கணக்கு டியூஷன் தேடுங்கள், பழைய மார்க்கைப் பற்றிப் பேசாத இடமாக.

இன்னொன்று, கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம். தனக்கு மனதுக்கு முக்கியமானது எது, ஏன் என்று பள்ளிப் பிள்ளைகளை ஒரு பக்கம் எழுத வைத்தார்கள், நட்போ இசையோ எதுவோ. 2009-ல் வந்த அந்த ஆய்வில், 'நான் மேல்' என்ற எண்ணம் மிகுந்த பிள்ளைகளிடம்கூட முரட்டுத்தனம் ஒரு பள்ளி வாரத்துக்குக் குறைந்தே இருந்தது. ஒரு வாரம்தான், மந்திரம் இல்லை. ஆனால் மார்க்கைத் தவிர உங்கள் மகனுக்கு என்ன பிடிக்கும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. தெரியுமா உங்களுக்கு?

உங்கள் கை. பாத்ரூமில் வழுக்கவில்லை. தெருவுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்குள் அந்தப் பொய் கூடாது. காயத்தைக் காட்டி, "இது நீ தள்ளினதுல வந்தது. இன்னொரு தடவ நடந்தா நான் பெரியப்பாவக் கூப்பிடுவேன், தேவைப்பட்டா வெளிய உதவி கேப்பேன்" என்று குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். சொன்னால் செய்யுங்கள். பெண்களுக்கான 181 எண் மகன் அடித்தாலும் உங்களுக்கானதுதான்.

நேரில் ஒரு மனநல நிபுணரைப் பார்க்க வேண்டும் என்பதில் இரண்டாவது யோசனை வேண்டாம். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாக வருவது உண்டு. தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, நண்பர்கள் யாராவது மிச்சம் இருக்கிறார்களா, போதைப் பழக்கம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். "நான் இருந்து என்ன பண்ண" என்ற மாதிரி ஒரு பேச்சு வந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். வெட்கத்தில் வெளியே ஓங்கும் கை உள்பக்கம் திரும்பவும் கூடும். நள்ளிரவிலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழில் பேசலாம். அவனே பேசுவதாக இருந்தால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ம் உண்டு. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

முதல் சந்திப்புக்கு அவனை மட்டும் அனுப்பி வைக்காதீர்கள். தன்னை ரிப்பேருக்கு விட்டதாக நினைப்பான். உங்கள் கணவரும் வர வேண்டும். ஷிப்மெண்ட் இருக்கிறது என்பார். சனிக்கிழமை சம்பளம் போட்ட பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கும்தானே, அதைக் கேளுங்கள்.